ரத்தத்துக்கு ஒரு சமாதானக் கூட்டம்

என் அக்கா லிஷாவின் ரத்தம் அவள் புருஷனோடு சண்டையில் இருப்பதாக எங்கள் சபைக் கமிட்டி ஏகமனதாகக் கண்டுபிடித்தது. ரத்தத்தை மட்டும் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்க வழியில்லாததால் அக்காவையும் சேர்த்தே கூப்பிட்டார்கள்.

இது விளங்க எங்கள் திருவிருந்து வழக்கம் தெரிய வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு கோயிலில் அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பார்கள். யாரோடாவது சண்டையில் இருப்பவர் பீடத்துக்கு முன்னால் வந்து முழங்காலிடக் கூடாது. சமாதானப்பட்டுவிட்டுத்தான் வர வேண்டும். மிஷன் காலத்தில் வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன சட்டம். நல்ல சட்டந்தான். அவன் கப்பலேறியதும் எங்கள் ஆட்கள் அதைத் திருப்பிப் போட்டுப் படித்துவிட்டார்கள்: சண்டைக்காரன் முழங்காலிட மாட்டான் என்றால், முழங்காலிடாதவன் சண்டைக்காரன். அதனால் முதல் ஞாயிறு கோயிலில் ஜெபத்தைவிடத் துப்புத்துலக்கல் மும்முரமாக நடக்கும். யார் பெஞ்சை விட்டு எழும்பவில்லை, யாரோடு பேச்சில்லை, எல்லைத் தகராறா, பாகத் தகராறா. எல்லை என்றால் ரப்பர் தோட்டத்து எல்லை. கேரளா, தமிழ்நாடு எல்லையைப் பற்றி எங்களுக்குள் ஒரு தகராறும் கிடையாது. பனச்சமூட்டில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மாநிலம், இந்தப் பக்கம் ஒரு மாநிலம். எந்தப் பக்கம் சாயா நன்றாக இருக்கிறதோ அந்தப் பக்கம் குடித்துவிட்டுப் போவோம்.

ரெஷ்மா பிறந்து சில வருஷத்தில் அக்காவின் இரண்டு கிட்னியும் கைவிட்டன. நெய்யாற்றின்கரைக்கு டயாலிஸிஸுக்குப் போய்வந்து போய்வந்து அவள் கை நரம்பு கயிறு போல் ஆனது. கடைசியில் ஷைஜு அத்தான் தன் கிட்னியில் ஒன்றைக் கொடுத்தார். அத்தான் ஆரியங்கோட்டிலிருந்தும் அம்பூரியிலிருந்தும் ஏத்தன் வாழைக்குலை ஏற்றிப் பனச்சமூட்டுச் சந்தைக்கு மினி லாரி ஓட்டுகிறவர். பேச்சு குறைவு. ஹார்ன் அடிப்பதே குறைவு. கிட்னி விஷயத்திலும் அவர் பேசியது ஒரு சொல்தான்: "எடுத்துக்கிடட்டு."

அவர் அம்மா விமலகுமாரி மாமி அந்தக் கிட்னியைக் கொடுத்ததாக ஒருநாளும் நினைத்ததில்லை. வாடகைக்கு விட்டிருப்பதாகவே நினைத்தார். அக்கா வெயிலில் துணி காயப்போட்டால், "எனக்க மோனுக்க கிட்னி வாடீரும், உள்ள போ" என்பார். அக்கா கொஞ்சம் உறைப்பாகச் சாப்பிட்டால், "அது அவனுக்கு ஆகாது" என்பார். அவன் என்பது யார், புருஷனா கிட்னியா என்று அக்கா கேட்டதற்கு ஒரு வாரம் பேச்சில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்: இந்தக் கிட்னியை உடம்பு அந்நியன் என்று விரட்டாமல் இருக்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மாத்திரை கொடுத்து மட்டுப்படுத்தி வைத்திருக்கிறோம், ஆகவே கூட்டத்தில் மாஸ்க் போடு, அடுத்தவர் வாய் வைத்த பாத்திரத்தில் குடிக்காதே. எங்கள் கோயிலில் ரசம் ஒரே வெள்ளிக் கிண்ணத்தில்தான். சபை முழுக்க அதில் வாய் வைக்கும். வெற்றிலை போடுகிறவர் வைத்த இடத்தில் சளிபிடித்தவர் வைப்பார். விசுவாசம் நடுவில் நின்று காக்கும். அக்கா திருவிருந்துக்கு எழும்பாமல் பெஞ்சிலேயே இருந்துகொண்டாள். காரணத்தையும் எல்லோரிடமும் சொன்னாள். நோய்க் காரணத்தை யார் நம்புவார்கள்? லிஷா யாரோடோ சண்டை, ஆனால் யாரோடு என்று தெரியவில்லை என்று சபை இரண்டு வருஷமாகத் தவித்தது.

அந்தத் தவிப்பைத் தீர்த்துவைத்தது ஒரு லேப் ரிப்போர்ட்.

போன மாதம் அக்காவின் கிரியாட்டினின் ஏறியது. கிட்னி சரியாக வடிகட்டவில்லை என்று அர்த்தம். திருவனந்தபுரத்தில் டாக்டர் லேகா ஒரு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். பதிவில் அத்தானின் போன் நம்பர் இருந்ததால் ரிசல்ட் வாட்ஸாப்பில் நேரே அவருக்குப் போனது. அவர் அம்பூரியில் குலை ஏற்றிக்கொண்டிருந்தார். போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. மாமி அதை எடுத்துக்கொண்டு, கமிட்டிச் செயலாளரும் ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியாருமான ரெத்தினதாஸ் சாரிடம் போனார். சாருக்கு ஒரு குணம் உண்டு. கோபம் வந்தால் மலையாளம், பக்தி வந்தால் தமிழ், விஷயம் தெரியாவிட்டால் இங்கிலீஷ்.

சார் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இங்கிலீஷில் வாசித்தார். "டோனர் ஸ்பெசிஃபிக் ஆன்டிபாடி. பாசிட்டிவ்."

"அப்படீன்னா?"

"டோனர்னா கொடுத்தவன். உங்க ஷைஜு. ஆன்டின்னா எதிர்ப்பு. ஸ்பெசிஃபிக்னா, வேற ஒருத்தரோடயும் இல்ல, அவனோட மட்டும்."

மாமி நெஞ்சில் அடித்துக்கொண்டார். இரண்டு வருஷத்துக் கேள்விக்கு ரத்தமே கையெழுத்துப் போட்டுப் பதில் தந்துவிட்டது.

அதே நேரத்தில் நானும் அக்காவும் டாக்டர் லேகாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். அக்கா முதலில் சொன்னது, "நான் ஒரு நேரத்து மாத்திர கூட விட்டதில்ல, டாக்டர்."

"தெரியும். ரத்தத்தில் மருந்தின் அளவு சரியாக இருக்கிறது. உங்கள்மேல் தப்பில்லை" என்றார் டாக்டர். பிறகு விளக்கினார். கிட்னியின் செல்களுக்கு மேல் அத்தானின் உடம்புக்கே உரிய அடையாளங்கள் இருக்கின்றன. அக்காவின் ரத்தம் அந்த அடையாளத்தைத் தேடிப் பிடிக்கிற ஆன்டிபாடியை உண்டாக்கியிருக்கிறது. அது கிட்னியின் சிறு ரத்தக்குழாய்களைத் தாக்கத் தொடங்கியிருக்கலாம். திங்கட்கிழமை அட்மிட் ஆக வேண்டும். கிட்னியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தத்திலிருந்து ஆன்டிபாடியைப் பிரித்து எடுக்க வேண்டும்.

"தாமதித்தால்?"

"கிட்னி போகும்" என்றார் டாக்டர். அதை அவர் சுற்றி வளைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது, அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

எழும்பும்போது டாக்டர் ஒன்று கேட்டார். "குழந்தை உண்டு அல்லவா? கிட்னி கொடுத்தவர்தான் அதன் அப்பா?"

"பின்ன?" என்றாள் அக்கா.

டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். பஸ் ஸ்டாப் வரும்வரை அக்கா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். அப்புறம், "எலே சஜினே, இத நான் தான் அவருட்ட சொல்லுவேன். நீ வாயத் தொறந்தியோ, பல்லு இருக்காது" என்றாள்.

அவள் சொல்வதற்குள் ஊர் சொல்லிவிட்டது. நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அத்தான் முற்றத்தில் லாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அதன் துடைத்த முன்கண்ணாடியையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே மாமி.

"உனக்க மனசில என்ன உண்டோ, அதாக்கும் ரெத்தத்தில வந்திருக்கு. மனசு ஆறாம மருந்து பிடிக்குமா? சனியாச்ச கமிட்டி வருவாவ. ஞாயிறு அவனோட சமாதானப்பட்டு, எல்லாருக்க முன்னாலயும் அந்தக் கிண்ணத்தில ஒரு வாய் குடி. பெறவு திங்களாச்ச ஆஸ்பத்திரிக்குப் போ."

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாளா நான் ஊர்க்காரனுக்க எச்சிலக் குடிக்கணும்?"

"எச்சிலா? கர்த்தருக்க ரெத்தமாக்கும்!"

அக்கா வெளியே வந்து அத்தானைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒரு வாய் தானே லிஷா. அம்மைக்கு ஒரு சமாதானம்."

"அம்மைக்கா? உங்களுக்கா?"

அவர் கண்ணாடியைத் திரும்பத் துடைத்தார். அந்தத் துடைப்புதான் அவளைக் கொன்றது. கிட்னி போனால் மெஷின் இருக்கிறது, அது அவள் பழகிய துன்பம். வயிற்றைக் கீறித் தந்த மனுஷன் தன் பொண்டாட்டியின் ரத்தம் தன்னை வெறுக்கிறது என்று நம்பிக்கொண்டு திங்கட்கிழமை பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அதற்கு எந்த மெஷினும் இல்லை.

நான் நடுநிலையாக ஒரு யோசனை சொன்னேன். ஆளுக்கொரு சிறு கப்பில் ரசம் கொடுக்கலாமே. தகவல் கமிட்டிக்குப் போய், அது வேறு சபைக்காரர் வழக்கம், நம் பிணத்துக்கு மேல்தான் நடக்கும் என்று பதில் வந்தது. யார் பிணம் என்று குறிப்பிடவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கமிட்டி வந்தது. ரெத்தினதாஸ் சார், போதகர் யோசுவா, கூடவே உட்காருவதற்கென்றே இரண்டு பேர். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். இளவயது, நல்லவர், கமிட்டியைக் கண்டால் கர்த்தரைவிடக் கொஞ்சம் அதிகம் பயம். மாமி பாலில்லாத கட்டஞ்சாயாவும் ஏத்தங்காய் வறுத்ததும் வைத்தார். ரெஷ்மாவைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பியாகிவிட்டது. எங்கள் ஊர் சமாதானக் கூட்டங்களில் வறுத்ததைக் கடிக்கிற சத்தத்தில்தான் பாதி வாக்குமூலம் கேட்காமல் போகும்.

ஐயர் ஜெபம் செய்தார். சார் பக்தித் தமிழில் தொடங்கினார். "சகோதரி லிஷா, மனுஷன் பொய் சொல்லுவான். ரத்தம் சொல்லாது."

"சரியாக்கும் சார்" என்றாள் அக்கா.

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. மறுப்பாள் என்றுதான் அடுத்த நாலு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தார். "அப்போ… எதிர்ப்பு உண்டுன்னு ஒத்துக்கிடுத?"

"ரெத்தத்தில உண்டு. டாக்டரே சொல்லியாச்சு."

"அப்ப மன்னிப்புக் கேளு பிள்ள" என்று மாமி அழத் தொடங்கினார். "எனக்க பிள்ள வயித்தக் கீறிக் குடுத்தான். அதத் தின்னுட்டு அவனுக்க எதுக்கவே நிக்குதே!"

"கேக்க மாட்டேன் மாமி."

வறுத்தது கடிக்கிற சத்தம் நின்றது.

"சண்ட போட்டவ மன்னிப்புக் கேக்கணும். நான் சண்ட போடேல. போடாத சண்டைக்கு மன்னிப்புக் கேட்டா அது பொய்யாக்கும். திருவிருந்துக்கு முந்தின நாளு என்னப் பொய் சொல்லச் சொல்லுததுக்கா கமிட்டி சாயா குடிக்குது? ஐயரே, நீங்க சொல்லுங்க."

ஐயர் சாயாவைப் பார்த்தார். சாயா ஒன்றும் சொல்லவில்லை.

சார் மலையாளத்துக்கு மாறினார். "இது தர்க்கம் அல்ல மோளே, இது விசுவாசம்."

"அப்போ லேப் ரிப்போர்ட்ட எதுக்கு வாசிச்சீங்க? விசுவாசத்தில பாத்திருக்கலாமே."

என்னிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் ஏத்தங்காயைத் திறந்த வாயில் போட்டுக்கொண்டேன். அக்கா நாற்காலியை இழுத்து, கமிட்டிக்கு முதுகைக் காட்டி, அத்தானுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். பெரியவர்களுக்கு முதுகைக் காட்டுவதற்கே எங்கள் சபையில் தனியாக ஒரு சமாதானக் கூட்டம் உண்டு.

"இவியளுக்கு நான் ஒண்ணும் சொல்லாண்டாம். உங்களுக்குச் சொல்லுதேன், கேளுங்க. செக்போஸ்ட்ல ஒரு போலீசு நிக்கான். வண்டி நம்பரப் பாத்து மறிக்கான். அவனுக்கு எந்த நம்பரத் தெரியும்?"

அத்தான் யோசித்தார். வண்டி விஷயமானால் அவர் பேசுவார். "முந்தி ஒருக்கப் போன வண்டிய அறிவான்."

"அதுதான் கேட்டியளா. உங்க வண்டி எனக்க ரெத்தத்துக்கு முந்தியே தெரியும். எப்பம் போச்சு? கிட்னிக்கு முன்னால எப்பம் போச்சு?"

அவர் விழித்தார்.

"ரெஷ்மா. அவளுக்கப் பாதி நீங்க. பத்து மாசம் அவ எனக்க வயித்தில கெடந்தப்போ உங்க அடையாளம் எனக்க ரெத்தத்தில சுத்தியிருக்கு. அப்பமே ரெத்தம் பாத்து வச்சிருக்கலாம்னு டாக்டரு சொல்லுதாவ. ஆபரேஷனுக்கு முன்ன டெஸ்ட்ல தெரியேல; ஒறங்கிக் கெடந்திருக்கும். இப்பம் முழிச்சிருக்கு. வெறுப்பு இல்ல மக்கா. உங்களுக்கப் பிள்ளயப் பெத்த ஞாபகமாக்கும் அது."

நான் உண்மையிலேயே மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினேன்.

மாமிதான் முதலில் பேசினார். "அப்போ… குத்தம் பிள்ளைக்கா?"

இந்தப் புதிய கோணத்தைக் கமிட்டி ஆலோசித்தது. நான் கண்ணால் கண்டு, காதால் கேட்டதைச் சொல்கிறேன். ரெத்தினதாஸ் சார் தொண்டையைக் கனைத்துவிட்டு, அப்படியானால் சமாதானத்தில் ரெஷ்மாவையும் ஒரு தரப்பாகச் சேர்க்க வேண்டிவருமா என்று ஐயரிடம் கேட்டார். பிள்ளைக்கு ஏழு வயது. இன்னும் திருவிருந்தே வாங்காதவள் சண்டையில் இருக்க முடியுமா என்று கூட உட்கார்ந்தவர்களில் ஒருவர் சட்டச் சிக்கல் எழுப்பினார்.

அக்கா எழும்பினாள். "எனக்கப் பிள்ளைக்கப் பேர இந்தக் கூட்டத்தில இன்னொருக்க எடுத்தா, சாரே, நான் ஆன்டிபாடி இல்லாமலே எதிர்ப்பேன்."

சார் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கமிட்டி கலைந்தது. போகும்போது, நாளைக்குக் கிண்ணத்தில் குடித்தால் சண்டை தீர்ந்ததாகவும், குடிக்காவிட்டால் சண்டை நிற்பதாகவும் எழுதப்படும் என்று அறிவித்துவிட்டுப் போனார்கள். அத்தானும் எழும்பினார். லாரியை எடுத்துக்கொண்டு எங்கோ போனார். அக்கா ஆஸ்பத்திரிப் பையில் துணி அடுக்கினாள். இரண்டு பேருக்கான துணியா ஒருத்திக்கான துணியா என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறு அவள் கோயிலுக்குப் போவாள் என்று யாரும் நினைக்கவில்லை. மாஸ்க் போட்டுக்கொண்டு, பெண்கள் பக்கத்தில், முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். எங்கள் கோயிலில் ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம்; கல்யாணத்தன்று மட்டும் ஒரு ஜோடிக்கு விலக்கு. திருவிருந்துக்குக் கூப்பிட்டதும் அக்கா எழும்பினாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு. பாட்டுக்காரர் ஒருவர் சுருதியை விட்டுவிட்டார். பின் பெஞ்சுக்காரர்கள் எட்டிப் பார்த்ததில் சபையே கொஞ்சம் முன்னால் நகர்ந்தது.

பீடத்துக் கம்பியின் முன் முழங்காலிட்டு, மாஸ்க்கைத் தாழ்த்தி, அப்பத்தை வாங்கித் தின்றாள். பிறகு மாஸ்க்கை மேலே ஏற்றிவிட்டாள். ஐயர் கிண்ணத்தோடு வந்தார். அவருக்குப் பின்னால் ரெத்தினதாஸ் சார், கிண்ணத்து விளிம்பைத் துடைக்கிற வெள்ளைத் துணியோடு. ஐயர் கிண்ணத்தை நீட்டினார். அக்கா தலையை ஆட்டினாள். ஐயர் நகரவில்லை. சார் பின்னாலிருந்து, "குடி" என்றார். கோபம், ஆனாலும் தமிழில். அக்கா கிண்ணத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடி, ஐயரை நேராகப் பார்த்தாள்.

"அப்பம் வாங்கியாச்சு ஐயரே. சண்டைக்காரின்னா அதையும் தந்திருக்கக் கூடாது. தந்தாச்சு. இனி அடுத்த ஆளுக்குக் கொண்டு போங்க."

முறைப்படி அடுத்த ஆள் ஒரு பெண்ணாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இடப்பக்கத்திலிருந்து அத்தான் எழும்பி, நடுப்பாதையைக் கடந்து, பெண்களின் வரிசையில் அக்காவுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தார். சந்தையில் பின்பக்கமாக லாரி எடுக்கிறவர் போல மெதுவாக, ஒருவர் மீதும் இடிக்காமல் வந்து சேர்ந்திருந்தார். ஐயர் பழக்கதோஷத்தில் அவருக்கு அப்பம் கொடுத்தார். கிண்ணத்தை நீட்டினார்.

"எனக்கும் வேண்டாம்" என்றார் அத்தான்.

"உமக்கு என்ன நோய்?" என்று கேட்டுவிட்டார் சார்.

"அவளுக்க நோய்தான். பாதி எனக்கதாக்கும்."

பின்னால் மாமி அழுத சத்தம் கேட்டது. அவர் முறை வந்தபோது கிண்ணத்தில் இரண்டு வாய் குடித்தார். மகனுக்காக ஒன்று, மருமகளுக்குக் காட்ட ஒன்று என்று நான் நினைக்கிறேன். கேட்கிற தைரியம் வரவில்லை.

சபைக் கணக்குப்படி இப்போது சண்டைக்காரர்கள் இரண்டு பேர். யாரோடு சண்டை என்பதில்தான் கருத்து வேற்றுமை. ஒருவரோடொருவரா, கமிட்டியோடா? கமிட்டியோடுதான் என்று பனச்சமூட்டில் இரண்டு மாநிலத்துச் சாயாக்கடைகளிலும் ஒரே தீர்ப்பு.

திங்கட்கிழமை அத்தான் குலை ஏற்றப் போகவில்லை. அக்காவை லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போனார். துணுக்கு எடுத்துப் பார்த்ததில் டாக்டர் பயந்தது சரிதான், தாக்குதல் தொடங்கியிருந்தது. கழுத்தில் குழாய் வைத்து ரத்தத்தை வெளியே எடுத்து, அதிலிருந்த மஞ்சள் நீரைப் பிரித்துப் பையில் விட்டு, மீதியைத் திருப்பி ஏற்றினார்கள். அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோக்காதீங்க" என்றாள் அக்கா. "அது உங்களுக்க எதிரியாக்கும்."

"எதிரியா? ஏழு வருஷமா என்ன ஞாபகம் வச்சிருக்கு. எனக்க சொந்த மாமன் ரோட்டில கண்டா ஆளு யாருன்னு கேப்பான்."

அக்கா சிரித்தாள். சிரித்தால் கழுத்துக் குழாய் வலிக்கும் என்று நர்ஸ் திட்டினார். அதற்கும் சிரித்தாள்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் லேகா வந்து சொன்னார். ஆன்டிபாடி குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. கிரியாட்டினின் ஏறுவது நின்றிருக்கிறது, பழையபடி இறங்கவில்லை. இந்தக் கிட்னி எத்தனை வருஷம் ஓடும் என்று உறுதி சொல்ல முடியாது, அடிக்கடி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். "திரும்ப வருமா?" என்று அத்தான் கேட்டார். "வரலாம்" என்றார் டாக்டர்.

"வரட்டு" என்றாள் அக்கா. "வந்தா பிடிச்சு மறுபடியும் பையில விடுவோம்."

டாக்டர் போன பிறகு அத்தானின் போன் அடித்தது. ரெத்தினதாஸ் சார். ஸ்பீக்கரில் போட்டார். அடுத்த முதல் ஞாயிறு வருகிறது, சமாதானம் இன்னும் நிலுவையில் இருக்கிறது, தேவையானால் கமிட்டி ஆஸ்பத்திரிக்கே வந்து நடத்தித் தரத் தயார் என்றார் சார்.

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா உதட்டைச் சுழித்தாள். அவர் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நான் அறிந்தவரை சாரிடம் அவர் வாழ்நாளில் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

"நாங்க ரெண்டு பேரும் கூடி ஆலோசிச்சாச்சு சாரே. சமாதானப்படுததா இல்ல. ஒருத்தரும் வர வேண்டாம்."